கடைசிச் செம்பு

அவர் குளித்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. கேட்டிருக்கிறேன். பல ஆண்டுகளாக, மாலைக்கு மாலை, ஓலை மறைப்பின் மறுபக்கத்திலிருந்து கேட்டிருக்கிறேன். இப்போது எனக்குக் கண் மங்கிவிட்டது; காதும் பாதிதான். ஆனாலும் அவருடைய வாளி நீரைத் தொடும் ஓசையும் தொடுவதற்கு முன்னுள்ள அந்தச் சின்ன இடைவெளியும் இன்னும் எனக்குக் கேட்கின்றன. அவரைப் பற்றி எழுதவேண்டும் என்று வெகுகாலம் நினைத்தும் எழுதாமல் இருந்தேன். எழுதினால் நான் செய்ததையும் எழுதவேண்டும்.

திருமணம் முடித்து நான் குடிபோனது மன்னார்த் தீவில், ஓலைத்தொடுவாயில் மனைவிக்குச் சீதனமாக வந்த காணிக்கு. அந்தக் காணிக்குத் தனிக் கிணறு இல்லை. பக்கத்துக் காணியோடு சேர்ந்த பங்குக் கிணறு. முன்னொரு காலத்தில் யாரோ ஒரு தகப்பன் இரண்டு பெண்பிள்ளைகளுக்குக் காணியைப் பிரித்திருக்கிறார். கிணற்றைப் பிரிக்க முடியாது. அதனால் எல்லை வேலி கிணற்றின் நடுவால் போகும். கிணற்று வாய்க்குக் குறுக்கே உத்திரம்போல் ஒரு பனந்தீராந்தி; அதன் மேல் ஆள் உயரத்துக்கு ஓலை மறைப்பு. இந்தப் பக்கம் எங்கள் வாளி, அந்தப் பக்கம் அவர்கள் வாளி. கீழே ஒரே தண்ணீர். கடலிரைச்சல் கேட்கும் தூரத்தில் அப்படியொரு நல்ல தண்ணீர். இந்தக் கிணற்றுத் தேத்தண்ணிக்குச் சீனி குறைத்துப் போடலாம் என்று என் மாமியார் சொல்வார்.

அந்தப் பக்கம் குடியிருந்தவர்கள் அவரும் அவர் மனைவியும். பிள்ளைகள் இல்லை. அவர் மனைவி என் மனைவிக்குப் பெரியம்மா மகள். அதனால் எனக்கு அவர் அண்ணை, அவர் மனைவி அக்கா. கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கர் வேலை பார்த்த என்னை அவர் முதல்நாளே "கிளாக்கர்த் தம்பி" என்று கூப்பிட்டார். கடைசிவரை அதுதான்.

அவருடைய தொழில் கரையில் மீன் ஏலம் கூறுவது. வள்ளம் மணலில் ஏறுமுன்னமே அவர் குரல் அலையைத் தாண்டிப் போய் அதை எதிர்கொள்ளும். மன்னார் நகரத்திலிருந்து வரும் வியாபாரிகள் வட்டமாக நிற்க, நடுவில் மீன், மீனுக்குப் பக்கத்தில் இவர். அவர் விலை சொல்லும்போது தூரத்தில் மேயும் கழுதைகள்கூடக் காதை நிமிர்த்தும்.

"கண்ணைப் பார், கண்ணைப் பார்! இன்னும் கடலைத்தான் பார்த்துக்கொண்டு கிடக்குது!"

யாராவது குறைத்துக் கேட்டால் தீர்ந்தது.

"அட, நீ கேக்கிற விலைக்கு இந்தச் சீலா மீனின்ர நிழலைத் தரலாம். உரப்பை கொண்டு வந்தனியோ? அள்ளிக்கொண்டு போ!"

"உன்ர வாய்க்கு ஒரு மூடி அடிக்கவேணும்" என்று ஒருமுறை ஒரு வியாபாரி அலுத்துக்கொண்டார்.

"அடிக்கிறதெண்டால் கொளுக்கியையும் உள்பக்கமாப் போடு. நான்தான் திறக்கவேணும்" என்றார் அவர்.

அப்படிப்பட்ட மனிதர், மாலையில் கோயில் மணி அடிப்பதற்கு முன், கிணற்றடிக்குப் போய் முதல் வாளியை இறக்கினால், தலையைத் துவட்டிக் கொடியில் துவாயைப் போடும்வரை ஒரு சொல் பேசமாட்டார். பாடமாட்டார், செருமமாட்டார், செபம்கூட முணுமுணுக்கமாட்டார். அவரோடும் ஒருவரும் பேசமாட்டார்கள். ஊருக்கே இது தெரியும்.

எனக்குத்தான் தெரியவில்லை. குடிபோன புதிதில் ஒருநாள் மாலை கந்தோரால் வேலை முடிந்து வந்து என் பக்கத்தில் முகம் கழுவப் போனேன். மறுபக்கம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. "என்னண்ணை, இண்டைக்குக் கடல் எப்பிடி?" என்று கேட்க வாயெடுத்தேன். என் மனைவி பின்னால் ஓடிவந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இஞ்சருங்கோ, அத்தான் தோயிறார். கதைக்காதேங்கோ."

தோய்தல் என்றால் எங்கள் பக்கத்தில் தலைக்கு வார்த்துக் குளிப்பது. அதற்கும் பேச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை.

"கதைச்சால் அவருக்கென்ன?"

"ஒருத்தரும் கதைக்கிறேல்லை" என்றாள். அதற்கு மேல் அவளுக்கும் காரணம் தெரியாது.

அன்று நின்று கேட்டேன். கயிறு கிணற்றுக் கட்டில் உரசிக்கொண்டு இறங்கியது. நாங்களெல்லாம் வாளியைப் போட்டால் அது நீரை அறையும். அவருடையது அறையவில்லை. நீருக்குச் சற்று மேலே நின்றது. ஆள் போய்விட்டாரோ என்று நினைக்கும் அளவுக்கு நின்றது. பிறகு தானாகச் சாய்ந்து நிரம்புவது போல ஓர் ஓசை. வாளி ஏறும்போது அதிலிருந்து சொட்டும் துளிகள் கீழே விழும் ஓசை. பிறகு முதல் ஊற்று. அது ஒரு தோளிலிருந்து தொடங்கி முதுகால் வழிந்து சீமெந்துத் தரைக்கு வந்து, வாய்க்காலால் வாழைப்பாத்திக்குப் போகும். அந்த நீர் வாழையடியை அடைந்து மணலில் சுவறும்வரை அடுத்த வாளி இறங்காது. அதை நான் பிறகு பல நாள் கவனித்து அறிந்தேன். ஊற்றிய நீர் போய்ச் சேரும்வரை அவர் அப்படியே நின்றார்.

நான் கோயிலில் முழந்தாளில் நின்றபடி அடுத்தநாள் வேலையைப் பற்றி யோசிக்கிறவன். பூசையின் நடுவில் எத்தனையோ முறை மணிக்கூட்டைப் பார்த்திருக்கிறேன். ஒரு வாளித் தண்ணீரோடு இவ்வளவு முழுமையாக ஒரு மனிதன் நிற்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. என்னையறியாமல் என் வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு, அவருடையது இறங்கி ஏறும்வரை காத்திருக்கப் பழகினேன். இரண்டு வாளியும் ஒரே நேரத்தில் இறங்கினால் நீர் கலங்கும் என்பது ஒரு காரணம். அவருக்கு முன்னால் இறக்க மனம் வரவில்லை என்பதுதான் உண்மை.

ஒருமுறை எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பங்குச் சுவாமி வந்தார். திருநாளுக்கு நேர்த்திப் பொருட்களை ஏலம் விட இவர் குரல் வேண்டும். அதைப் பேச வந்திருந்தார். அக்கா வாசற் படலையடிக்கு ஓடிப்போய், "தோயிறார் சுவாமி. இருங்கோ" என்று கதிரையை எடுத்துப் போட்டா. சுவாமி இருந்தார். நேரம் போனது. நான் வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து வணக்கம் சொன்னேன்.

"ஏன் பிள்ளை, இவ்வளவு நேரம் என்ன செய்யிறான்? கிணத்தையே இறைச்சு முடிச்சிருப்பானே" என்று சுவாமி கேட்டார்.

"இல்லைச் சுவாமி. இப்பதான் மூண்டாவது வாளி" என்றா அக்கா, வெட்கத்துடன்.

சுவாமி காதைக் கொடுத்துக் கேட்டார். வாளி ஏறிய ஓசை, துளிகள், ஊற்று, மறுபடி ஒன்றுமில்லை. அவர் முகத்திலிருந்த அவசரம் மெல்லப் போவதை நான் கண்டேன். கடைசியில் மெதுவாகச் சொன்னார்:

"என்ர பூசையில இவன் ஒருநாளும் இப்பிடி நிண்டதில்லை. குறை ஆரில எண்டுதான் யோசிக்கிறன்."

அவரிடமே நான் கேட்டிருக்கிறேன். கரையில் ஏலம் முடிந்து, கைமயிரில் மீன்செதில் மின்ன, ஒரு வள்ளத்தின் நிழலில் குந்தியிருந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, தோயேக்க என்ன யோசிக்கிறனீங்கள்?"

"ஒண்டும் யோசிக்கிறேல்லைத் தம்பி" என்றார். பிறகு, நான் நம்பவில்லை என்று கண்டு, "விடிஞ்சால் பொழுதுபடுமட்டும் விலை சொல்லுற வாய் இது. மீனைக் கண்டால் விலை, ஆளைக் கண்டால் அவன் எவ்வளவுக்குக் கேப்பான் எண்டு இன்னொரு விலை. அந்த இடத்தில மட்டும் ஒண்டுக்கும் விலை வைக்காமல் நிக்கலாம். அவ்வளவுதான்" என்றார். உடனே சுருட்டை எறிந்துவிட்டு, தூரத்தில் வந்த வள்ளத்தைப் பார்த்து, "என்னடா, பாய் கிழிஞ்சு வாறாய், மீனாவது முழுசோ?" என்று கத்திக்கொண்டு எழுந்து போனார்.

அவருடைய தம்பி கடலில் போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வள்ளம் கவிழ்ந்து, அடுத்தநாள்தான் உடல் கரைக்கு வந்தது. சேமக்காலையில் அடக்கம் முடிந்து வந்தவர்கள் எல்லாரும் முழுகவேண்டும். அன்று பங்குக் கிணற்றின் இரண்டு பக்கமும் சனம். வாளிகள் மோதின, பெண்கள் அழுதபடியே தலைக்கு வார்த்தார்கள். அவர் ஒரு பக்கத்தில் ஒதுங்கி நின்றாராம். எல்லாரும் முழுகிப் போனபிறகுதான் கிணற்றடிக்கு வந்தார். நானும் என் பக்கத்தில் முழுகாமல் காத்து நின்றேன்.

கயிறு இறங்கியது. நின்றது. வாளி நிரம்பும் ஓசை கேட்டது. ஏறவில்லை. வெகுநேரம் ஏறவில்லை. கிணற்றுக்குள் பார்த்தேன். நீரில் பாதி மூழ்கிய அவருடைய வாளியும் அதிலிருந்து மேலே போகும் கயிறும்தான் தெரிந்தன. கயிறு நடுங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் வாளி ஏறியது. இனி ஊற்றுவார் என்று நினைத்தேன். அவர் அந்த முழு வாளியையும் திரும்பக் கிணற்றுக்குள் மெல்லச் சாய்த்தார். நீர் நீரில் விழும் ஓசை. பிறகு மறுபடி இறக்கி, அள்ளி, வழக்கம்போல் தோளிலிருந்து தொடங்கினார். அழுகையொன்றும் எனக்குக் கேட்கவில்லை.

இவ்வளவு எழுதியபிறகு, அந்த மனிதருக்கு நான் செய்ததை இனித் தள்ளிப்போட முடியாது.

அந்த ஆண்டுகளில் வெளிநாட்டுச் செத்தல் மிளகாய் நாட்டுக்குள் வருவது நின்று, விலை ஏறியது. மிளகாய் போட்டவன் கல்வீடு கட்டினான். அடம்பனில் வயல் செய்த என் மனைவியின் தமையன் ஒருநாள் டிரக்டர்ப் பெட்டியில் ஒரு நீர் இறைக்கும் மெசினை ஏற்றிக்கொண்டு வந்தார்.

"மச்சான், உம்மட கந்தோர்ச் சம்பளத்தில பென்சிலும் வாங்கேலாது. நல்ல கிணறு சும்மா கிடக்குது. இதைப் பூட்டும்" என்றார்.

தெரியாமல் செய்தேன் என்றால் இதை எழுதத் தேவையில்லை. எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் புவியியல் வாத்தியார் கரும்பலகையில் கீறிக் காட்டியிருக்கிறார். எங்கள் தீவு போன்ற மணல் நிலத்தில் மழைநீர் கீழே இறங்கி, உப்பு நீருக்கு மேல் ஒரு மெல்லிய அடுக்காக மிதக்கும். கையால் அள்ளினால் அது ஊறிக்கொண்டே இருக்கும். மெசினால் உறிஞ்சினால் அடியிலுள்ள உவர் மேலே ஏறிவிடும். பரீட்சையில் அந்தப் படத்தை நான் கீறி, நல்ல புள்ளியும் வாங்கினேன். பிறகு காணியில் மிளகாய்க் கன்று நட்டு, அதே கையால் மெசினின் குழாயைக் கிணற்றுக்குள் இறக்கினேன். எனக்கு மட்டும் அப்படி நடக்காது, ஒரு போகம்தானே என்று எண்ணினேன்.

இதைவிடக் கேவலமான ஒன்று உண்டு. மெசினைக் காலையில் போட்டிருக்கலாம். கந்தோருக்குப் போகுமுன் நேரம் இருந்தது. நான் மாலையில் போட்டேன். அவர் தோயும் நேரத்தில். ஆரம்பத்தில் வியப்பாக இருந்த அந்த அமைதி காலப்போக்கில் எனக்குப் பொறுக்கமுடியாததாகிவிட்டது. பதவியுயர்வு கிடைக்காமல், கந்தோரில் மேலதிகாரியிடம் ஏச்சு வாங்கி, வெயிலில் சைக்கிள் மிதித்து வரும் என்னை, எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதருடைய நிம்மதி கேலி செய்வதுபோல் இருந்தது. மெசின் இரைந்தால் அது கேட்காது அல்லவா?

முதல்நாள் அவர் மெசின் நிற்கும்வரை காத்திருந்தார். கோயில் மணி அடித்து ஓய்ந்தபிறகே அவர் வாளி இறங்கியது. அடுத்தநாள் அக்கா வேலியடிக்கு வந்தா.

"தம்பி, அந்த மெசினைக் கொஞ்சம் முந்தியோ பிந்தியோ போடக்கூடாதோ? மனிசன் தோயிற நேரம் பாருங்கோ."

"கந்தோரால வந்துதானேயக்கா இறைக்கலாம்" என்றேன்.

"ஓம், அதுவும் சரிதான்" என்று அக்கா போய்விட்டா. அதன்பிறகு அவர் அந்த இரைச்சலுக்குள்ளேயே தோய்ந்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மெசினை நிறுத்தும்போது கொடியில் அவருடைய துவாய் ஆடிக்கொண்டிருக்கும்.

மிளகாய் காய்த்தது. இரண்டாம் முறை பறிக்கும்முன்னமே ஒருநாள் காலை என் மனைவி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"என்னப்பா, உவர்க்குது."

குடித்துப் பார்த்தேன். உவர்த்தது. சில நாட்களில் மிளகாய் இலைகள் ஓரம் கருகி மடங்கின. மெசினை அடம்பனுக்குத் திருப்பி அனுப்பினேன். கிணற்றில் தண்ணீர் பழைய உயரத்துக்கு ஊறி வந்தது. உப்பு போகவில்லை.

மறுபடி அந்த மாலைகள் எனக்குக் கேட்கத் தொடங்கின. எல்லாம் பழையபடிதான்: கயிறு, இடைவெளி, துளிகள். சவர்க்காரம் போடும் ஓசை மட்டும் மாறியிருந்தது. உவர்நீரில் அது நுரைக்காமல் தோலில் உரசிக்கொண்டு போனது. ஆனாலும் அவர் அவசரப்படவில்லை. நீர் வாழையடிக்குப் போய்ச் சேரும்வரை நின்றார். வாழைகள் ஒவ்வொன்றாய் மஞ்சளாகிச் சாய்ந்தன. பிறகு வெறும் மணலுக்குப் போய்ச் சேரும்வரை நின்றார்.

நல்ல தண்ணீருக்கு இனிக் கோயில் கிணறுதான். மணல் ஒழுங்கையால் நடந்து போய்வர வேண்டும். என் மனைவியும் அக்காவும் இடுப்பில் குடத்தோடு போவார்கள். அக்காவுக்கு முழங்கால் வருத்தம். குடிக்கவும் சமைக்கவும் போக, அதிலிருந்து ஒரு செம்பு மட்டும் எடுத்துக் கிணற்றடியில் மூடிவைப்பா. அது அவருக்கு, தோய்ந்து முடிந்தபின் தலையில் வார்த்து உப்பைக் கழுவ.

"அவர் கேக்கிறேல்லை. ஆனால் அந்தக் கடைசிச் செம்பு இல்லாட்டி மனிசன் பாதியில எழும்பின மாதிரி வாறார். எனக்குப் பார்க்கேலாமல் கிடக்குது" என்று என் மனைவியிடம் சொன்னா.

கேட்டவர்களுக்கெல்லாம் நான் ஒரே பதிலைச் சொன்னேன்: "மழை பொய்ச்சுப்போச்சு. அதுதான் உவர் ஏறியிட்டுது." அந்த ஆண்டு மழை குறைவுதான். பொய்க்கு அது வசதியாக இருந்தது.

ஒருநாள் காலை கந்தோருக்குப் போகுமுன் மீன் வாங்கக் கரைக்குப் போனேன். சனத்துக்குப் பின்னால் நான் நிற்பது தெரியாமல் ஒருவர், "உங்கட நல்ல கிணத்தைக் கிளாக்கரின்ர மெசின்தானே கெடுத்தது" என்றார்.

ஏலம் நின்றது. கையிலிருந்த மீனை அவர் மணலில் போட்டார்.

"ஆரடா சொன்னது? படிச்ச பொடியன் அவன். கெடும் எண்டால் அவனுக்குத் தெரியாதே? தெரிஞ்சால் செய்வானே? மழை பொய்ச்சதுக்கு மனிசன் என்ன செய்யிறது! இன்னொருக்கால் அந்தக் கதை கதைச்சியோ, உனக்கு இந்தக் கரையில திருக்கைவாலும் கிடையாது!"

தீவு முழுவதற்கும் கேட்கும் அந்தக் குரலில் என் பொய்யை அவர் எனக்காகக் கூறினார். நான் மீன் வாங்காமல் திரும்பினேன்.

அன்று மாலை நடந்ததைச் சொல்லுமுன் பிந்தி நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போர் தீவுக்கு வந்தபோது நாங்கள் ஆளுக்கொரு திசையாகச் சிதறினோம். பல ஆண்டுகளின்பின் மன்னார் பஸ் நிலையத்தில் அக்காவைக் கண்டேன். வெள்ளைச் சேலை. நான் கேட்குமுன் அவதான் சொன்னா. மடுப் பக்கம் ஒரு முகாமில் கொட்டிலில் இருந்தார்களாம். தண்ணீருக்கு வரிசை. அவருக்குக் கிடைத்தது பின்னேரத்தில் ஒரு பால்மாத் தகரப்பேணித் தண்ணீர்.

"அந்தப் பேணியோட ஒரு பாலைமரத்துக்குப் பின்னால போவார் தம்பி. நான் சோறு வடிச்சு இறக்கினாலும் வரமாட்டார். சனம் முதல்ல சிரிச்சது. பிறகு சிரிக்கேல்லை. அவர் அங்கால போனால், அந்தப் பக்கம் பிள்ளையளை விளையாட விடமாட்டினம்."

காய்ச்சலில் போனாராம். கடைசி நாளும் தோய்ந்தாராம்.

"எங்கட கிணறு மாதிரி வருமே? அந்த வருசம் மழை பொய்க்காட்டி..." என்று அக்கா பெருமூச்சு விட்டா.

நான் திகைத்துப்போனேன். அவர் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. அவருக்கு உண்மை தெரியும். நானே அவருக்குச் சொல்லியிருந்தேன். அக்காவிடம் அன்றாவது நான் சொல்லியிருக்கவேண்டும். அவ ஏறவேண்டிய பஸ் வந்தது. பையைத் தூக்கிக் கொடுத்தேன். அவவும் இப்போது இல்லை. முழங்கால் வருத்தத்தோடு அந்த மணலில் குடம் சுமந்தது என்னால்தான் என்பது தெரியாமலே போய்விட்டா. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

கரையில் அவர் எனக்காகக் கத்திய அன்று மாலைக்கு வருகிறேன். கந்தோரால் வந்து, சைக்கிளைச் சாத்திவிட்டு, சட்டையும் மாற்றாமல் நேரே கிணற்றடிக்குப் போனேன். மறுபக்கத்தில் அவர் தோய்ந்துகொண்டிருந்தார். கடைசி வாளியாக இருக்கவேண்டும். வெளியில் சொல்ல எத்தனையோ இடங்கள் இருந்தன. அவர் முகத்தைப் பார்த்தால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"அண்ணை" என்றேன்.

கயிறு நின்றது.

"மழை எண்டு நான் சொன்னது பொய். கிணறு என்னாலதான் கெட்டது. மெசினால இறைச்சால் உவர் ஏறும் எண்டு பள்ளிக்கூடத்திலயே படிச்சனான். தெரிஞ்சுகொண்டுதான் இறைச்சனான். பின்னேரத்தில போட்டதும் வேணுமெண்டுதான். நீங்கள் அப்பிடி நிக்கிறது எனக்குப் பொறுக்கேல்லை அண்ணை."

அவர் உடம்பிலிருந்து சீமெந்தில் நீர் சொட்டுவது மட்டும் கேட்டது. ஏசுவார் என்று காத்திருந்தேன். அந்தக் குரலால் ஏசினால் ஊர் கூடும். கூடட்டும் என்றே நின்றேன்.

மறைப்புக்கு மேலால் ஒரு கை வந்தது. முழங்கைவரை தெரிந்த, நனைந்த கறுத்த கை. ஒரு மீன்செதில் இன்னும் ஒட்டியிருந்தது. கையில் அந்தச் செம்பு. நான் நிற்கும் இடம் அவருக்குத் தெரியாது. என் குரல் வந்த இடத்தை மட்டும் வைத்து அது என் தலைக்கு நேரே வந்து நின்றது. சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகு சாய்ந்தது.

மெல்ல வார்த்தார். தனக்கு எப்படி வார்ப்பாரோ அப்படி. உச்சியிலிருந்து நெற்றியால், கழுத்தால், கந்தோர்ச் சட்டைக்குள். பையிலிருந்த பேனை மை கரைந்து நெஞ்செல்லாம் நீலம் வழிந்தது. உதட்டில் பட்டது நல்ல தண்ணீர். அக்கா இடுப்பில் சுமந்து வந்த நல்ல தண்ணீர். கடைசித் துளிவரை வார்த்துவிட்டுக் கை மறைந்தது. கொடி அசைந்தது. அவர் உப்போடு போய்விட்டார்.

மன்னித்து வார்த்தாரா, வாயை மூடு என்று வார்த்தாரா? எத்தனையோ முறை கேட்டுப் பார்த்திருக்கிறேன். அந்தச் செம்புக்கும் அவர் விலை வைக்கவில்லை என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

அடுத்தநாள் கரையில் என்னைக் கண்டதும் ஏலத்தை நிறுத்தாமலே கத்தினார்: "கிளாக்கர்த் தம்பி! சட்டை காஞ்சுதோ?"

"ஏன், கிளாக்கர் சட்டையோட கடலுக்கை விழுந்தவரோ?" என்று ஒரு மீன்காரி கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள்.

"கடலுக்கையோ? நல்ல தண்ணியிலயடி விழுந்தவர்!" என்றார். சிரிப்பு அடங்குமுன் அடுத்த மீனைத் தூக்கிவிட்டார். அதைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான்.

அன்று நான் கந்தோரால் வரும் வழியில் கோயில் கிணற்றில் ஒரு குடம் அள்ளி, சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து அக்காவின் படலையடியில் வைத்தேன். பிறகு சாரத்தை உடுத்துக்கொண்டு என் பக்கத்துக்குப் போனேன். வழக்கம்போல் வாளியைக் கையில் பிடித்து, அவருடையது இறங்கக் காத்து நின்றேன்.

கயிறு உரசவில்லை. ஆள் இல்லையோ என்று நினைத்தேன். இருந்தார்; மூச்சு கேட்டது. நேரம் போனது. கிணற்றுக்குள் பார்த்தேன். நீர் அசையாமல் கிடந்தது. அவர் எனக்காகக் காத்திருக்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது.

நான் என் வாளியை இறக்கினேன். நீருக்குச் சற்று மேலே நிறுத்தினேன். பிறகு அதை அறையாமல் தொடவிட்டேன். என் வாளி நிரம்பி மேலே ஏறி, துளிகள் விழுந்து ஓய்ந்தபிறகு, அந்தப் பக்கத்துக் கயிறு மெல்ல இறங்கியது.